இடதுபக்கம் இன்னும் கொஞ்சம்

பூம்பாறை தாண்டும்போதே
பூண்டு உரித்த கையால் யாரோ
முகத்தைத் தடவியதுபோல் ஒரு காற்று.
மன்னவனூரில் தாரைவிட்டு இறங்கினோம்.
அதற்கப்பால் வழி
இருதயராஜின் ஜீப்புக்குத்தான் தெரியும்.

நான்கு பேர். ஒரு மண்வெட்டி, நைலான் கயிறு,
காற்று குறைந்த ஸ்டெப்னி,
என் மடியில் எலுமிச்சைச் சாதத் தூக்கு.
ஓட்டுகிறவனும் பக்கத்துச் சீட்டு அன்வர்தீனும்
பேசி ஏழு மாதம்.
பணம்தான், வேறென்ன.
வத்தலக்குண்டில் பிடிக்க இருந்த கடைக்கு
முன்பணம் போட்டது யார், போடாதது யார்?
எனக்கும் பெனிட்டாவுக்கும்
இரண்டு கதைகள் தெரியும்.
இரண்டையும் நம்பினோம்.

"கண்ணாடிய ஏத்தச் சொல்லு."
"ஏத்தியாச்சுன்னு சொல்லு."
முழங்கை இடித்துக்கொள்ளும் தூரத்தில் அவர்கள்.
பின்சீட்டில் நான், தபால்பெட்டி.

புல்மேடுகள்
ஒன்றன் தோளில் ஒன்று கன்னம் வைத்துக் கிடந்தன.
மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு,
கருகருவென்று.
"மலைக்கு அக்குள் முடி" என்றாள் பெனிட்டா.
இருவரும் சிரித்தார்கள்,
தனித்தனியாக,
ஆளுக்கொரு ஜன்னல் பக்கம்.

பிறகு அந்த வளைவு.
ஐப்பசி மழை பாதையைக் குறுக்கே தின்றிருந்தது.
ஒருபக்கம் ஆளுயரப் பாறை.
மறுபக்கம் மூடுபனி,
அதற்கடியில் எவ்வளவு இருக்கிறதென்று
யாரும் கேட்கவில்லை.
வண்டி மூக்கைத் தூக்கி நின்றது.
ஸ்டியரிங்கிலிருந்து பார்த்தால்
பானெட், அதற்குமேல் வானம்,
மண் என்பதே இல்லை.

சொல்லாமலே இறங்கினான் அன்வர்தீன்.
செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.
முன்னால் போய், எங்களைப் பார்த்து,
பின்னோக்கி நடந்தான்.

"இடது."

ஏழு மாதத்தின் முதல் சொல்.

"இடதுபக்கம் இன்னும் கொஞ்சம். போதும்.
வா. வா. வா… நில்லு.
நில்லுங்கறேன்ல!
பின்னால போகாத, கிளட்ச விட்டுராத.
ம். இப்போ வா."

இருதயராஜ் சக்கரத்தைப் பார்க்கவில்லை.
பள்ளத்தைப் பார்க்கவில்லை.
கண்ணெடுக்காமல் அவன் கையை மட்டும் பார்த்தான்,
இரண்டு விரல் அசைந்தால் இரண்டு விரல் அளவு
ஸ்டியரிங் அசைந்தது.
வலது சக்கரம் ஒன்று காற்றில் சும்மா சுற்றியது.
தூக்கை இறுக்கிக்கொண்டேன்.
பெனிட்டா என்னை.

அப்போது பின்னால் ஒரு ஹாரன்.
டிவிஎஸ் எக்ஸெல்.
இருபுறமும் பால் கேன், முன்னால் தவிட்டு மூட்டை,
மூட்டைமேல் கால் மடக்கி ஒரு சிறுமி.
இரண்டு காலையும் தரையில் உதைத்து உதைத்து
பாறைக்கும் எங்களுக்கும் இடையில் நுழைந்தவர்,
"ரோட்டுல என்ன கோளாறு?" என்றார்.
ரோடு என்றார்.
பதிலுக்கு நிற்கவில்லை, பால் காத்திருக்காது.
சிறுமி மட்டும் திரும்பிப் பார்த்தாள்,
வகுப்பில் விடை தெரியாதவனைப் பார்ப்பதுபோல.

எப்படியோ ஏறினோம்.
உச்சியில் காற்று சாதத்தை ஆறவைத்தது.
கேரளத்துப் பக்கம் மலைக்குப் பின் மலை,
நீலம், வெளிர்நீலம், பிறகு சந்தேகம்.
யாரும் போட்டோ எடுக்கவில்லை என்பது
வீட்டுக்கு வந்தபின்தான் உறைத்தது.
சமாதானம் ஒன்றும் நடக்கவில்லை.
"ஊறுகா இருக்கான்னு கேளு" என்றான் ஒருவன்.
நான் கேட்கவில்லை, வாய் நிறையச் சோறு.
சற்று நேரம் யாருக்கும் ஊறுகாய் இல்லை.
பிறகு டப்பா எப்படியோ இடம் மாறியிருந்தது.

இறக்கத்தில் அதே பள்ளம்.
மறுபடி இறங்கினான், மறுபடி நடந்தான்.
இந்தமுறை வலது, வலது,
"டேய் வலதுன்னா ஒனக்கு எது?"
"நீ நிக்கிற பக்கத்துக்கா, நான் இருக்கிற பக்கத்துக்கா?"
இரண்டு பேரும் கத்திக்கொண்டே
வண்டியைக் கீழே கொண்டுவந்தார்கள்.

மன்னவனூர்.
தார் வந்தது.
சக்கரங்கள் வழுவழுவென்று ஓட ஆரம்பித்ததும்
முன்சீட்டில் பேச்சு நின்றது,
ரேடியோவை யாரோ அணைத்த மாதிரி.
காலித் தூக்கு மட்டும் என் காலடியில்
கடகடத்துக்கொண்டே வந்தது.

பெனிட்டா என் காதில் சொன்னாள்:
"அடுத்த வாரம்
இதைவிட மோசமான ரோடா ஒண்ணு பாரு."